மூன்று தோட்டப் பள்ளிக்கு ஓர் ஓவிய ஆசிரியர்

மாண்புமிகு கல்வி அமைச்சர் அவர்களுக்கு,

இந்த மடலின் மலாய்ப் பிரதி உங்கள் அமைச்சுக்குத் தனியாக வருகிறது. தமிழில் எழுதுவது, நெகிரி செம்பிலான் தோட்டப் பள்ளிகளின் பெற்றோர்களும் ஆசிரியர்களும் கூடவே படிக்கட்டும் என்பதற்காக. கட்டடமோ பெரிய மானியமோ கேட்கவில்லை. காட்சிக்கலைக் கல்வியை முறையாகப் படித்துச் சான்றிதழ் பெற்ற ஆசிரியர்கள் எங்கள் பள்ளிகளுக்கு வேண்டும். அவர்கள் எந்த வழியாக வருவார்கள், வந்தபின் அவர்களை எங்கே நிறுத்துவது என்பதைப் பற்றித்தான் எழுதுகிறேன். நான் ஓய்வுபெற்ற தோட்டப் பள்ளி ஆசிரியர். படித்தது கணிதம். ஆனாலும் பல ஆண்டுகள் கலைப்பாடமும் என் அட்டவணையில் இருந்தது. காரணம் எளிது: அந்த நேரத்தில் வேறு யாருக்கும் கை ஒழியவில்லை.

இந்த மாநிலத்தில் 61 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. லாடாங் லின்சம், லாடாங் கெடிஸ், லாடாங் சுவா பெத்தோங் என்று பல பள்ளிகளின் பெயரில் இன்னும் தோட்டம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைத்தாக வேண்டும் என்று 1912 தொழிலாளர் சட்டம் சொன்னது. அந்த வழியில் முளைத்தவையும் இவற்றில் உண்டு. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. லயங்கள் காலியாயின. குடும்பங்கள் செரம்பானுக்கும் நீலாய்க்கும் போயின. பள்ளி மட்டும் நின்றது, சிறுத்துப்போய். 150 பேருக்குக் குறைவான மாணவர்கள் இருந்தால் உங்கள் அமைச்சு அதைக் குறைந்த மாணவர் பள்ளி என்று வகைப்படுத்துகிறது. எங்கள் தோட்டப் பள்ளிகள் பல அந்த வகைதான். அங்கே ஆறு வகுப்பு, ஒரு தலைமையாசிரியர், விரல்விட்டு எண்ணக்கூடிய ஆசிரியர்கள். இவர்களுக்குள் தமிழ், மலாய், ஆங்கிலம், கணிதம், அறிவியல் எல்லாவற்றையும் பங்கிட்ட பிறகு மிஞ்சுகிற துண்டு நேரம்தான் கலைக்கு.

அந்த நேரத்தில் என்ன நடக்கும் என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும். இரண்டு மலை, நடுவே பாதிச் சூரியன், ஓர் ஆறு, ஒரு குடிசை. ஜெம்போலிலும் இதே படம், போர்ட்டிக்சனிலும் இதே படம். கடலோரப் பிள்ளைகூட மலைதான் வரையும். இல்லாவிட்டால் நகலெடுத்த படத்துக்கு வண்ணம் தீட்டுவது. இதற்கு ஆசிரியரைக் குறை சொல்ல மாட்டேன். உங்கள் பாடத்திட்டமோ படம் வரைதல், தோரணியும் வடிவமைப்பும், உருவமைத்தலும் கட்டுதலும், பாரம்பரியக் கைவினை என்று நான்கு பெரிய துறைகளைக் கேட்கிறது. ஒட்டுப்படம், அச்சுப்பதிவு, கட்டிச் சாயமிடல், பின்னல் எல்லாம் அதில் அடக்கம். கணிதம் படித்தவர் இதில் எதைச் சொல்லிக்கொடுப்பார்? யூபிஎஸ்ஆர் இருந்த காலத்தில் ஆறாம் ஆண்டுக் கலைநேரத்தைத் தேர்வுப் பயிற்சி தின்றது என்று சொல்லித் தப்பித்தோம். 2021-இல் அந்தத் தேர்வை எடுத்துவிட்டீர்கள். இப்போது வகுப்பறை மதிப்பீடு. பிள்ளையின் கலைத்திறன் எந்த நிலை என்று ஒன்று முதல் ஆறு வரை ஆசிரியர் முடிவு செய்ய வேண்டும். எதைப் பார்த்து முடிவு செய்வார்? கோடு தாண்டாமல் வண்ணம் அடித்த பிள்ளைக்கு ஐந்து, தாண்டிய பிள்ளைக்கு மூன்று.

பயிற்சி பெற்ற கண் பார்ப்பது வேறு. விக்டர் லோவன்ஃபெல்டு 1947-இல் எழுதிய நூல் குழந்தைகளின் வரைவு எப்படிப் படிப்படியாக வளர்கிறது என்பதைப் பேசுகிறது. உலகெங்கும் கலையாசிரியர் பயிற்சியில் அவர் பெயர் அடிபடாமல் இருக்காது. ஏழு வயதுப் பிள்ளை தாளின் அடியில் ஒரு கோடு போட்டு, அதன்மேல் எல்லாவற்றையும் நிறுத்தும். அம்மா வீட்டைவிட உயரமாக இருப்பார். செம்பனைக் குலை ஏற்றிய லோரியின் பக்கத் தகட்டை ஊடுருவி உள்ளே இருக்கும் குலைகள் தெரியும். பழகாத ஆசிரியர் இதையெல்லாம் பிழை என்று திருத்துவார். படித்தவருக்கு இது அந்த வயதின் ஒழுங்கு என்று தெரியும்: எது முக்கியமோ அது பெரிதாகும், எது தெரியுமோ அது கண்ணுக்கும் தெரியும். ஒன்பது, பத்து வயதில் இந்தத் துணிச்சல் கலையத் தொடங்குகிறது. தான் வரைந்தது நிஜம்போல் இல்லையே என்ற வெட்கம் பிள்ளைக்கு வருகிறது. “சார், எனக்கு வரைய வராது” என்ற வாக்கியத்தை நான் நான்காம் ஐந்தாம் ஆண்டு வகுப்புகளில்தான் அதிகம் கேட்டிருக்கிறேன். ஒன்றாம் ஆண்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. அந்த இரண்டு ஆண்டுகளில் தூரம், நிழல், அளவு ஆகியவற்றைக் கையில் பிடித்துக் காட்ட ஒருவர் இருந்தால் பிள்ளை கடந்துவிடும். இல்லாவிட்டால் பென்சிலை வைத்துவிடும், பெரும்பாலும் ஆயுளுக்கும்.

பொருளுக்குத் தோட்டத்தில் பஞ்சமே இல்லை. செம்பனையை ஏறத்தாழ ஒன்பது மீட்டர் இடைவெளியில் முக்கோண அமைப்பில் நடுகிறார்கள். ஒரு மரத்தடியில் நின்று மெல்லத் திரும்பினால் வரிசைகள் ஒரு திசையில் திறக்கும், மூடும், அடுத்த திசையில் மீண்டும் திறக்கும். தூரத்தில் கோடுகள் ஒரு புள்ளியில் கூடுவதை விளக்க இதைவிட நல்ல கரும்பலகை எந்த நகரப் பள்ளிக்கும் கிடைக்காது. அந்த நடவு முறை எங்கள் வீட்டுப் பெண்கள் வாசலில் வைக்கும் ஊடுபுள்ளியேதான். ஒரு வரிசையின் இடைவெளியில் அடுத்த வரிசையின் புள்ளி. ஒரு தீம்பார் முழுவதும் கோலத்துக்குப் புள்ளி வைத்தாற்போல் கிடக்கிறது. தோரணிப் பாடத்தை அங்கிருந்து தொடங்கிப் பாட்டிக்குத் தெரிந்த கோலத்துக்கும், அங்கிருந்து பாத்தேக்குக்கும் கொண்டுபோகலாம். செம்பனை அடிமரத்தில் தொற்றி வளரும் பன்னச் செடியைத் தாளின் அடியில் வைத்து மெழுகுக் குச்சியால் தேய்த்தால் ஒரு பாடம். ஈர்க்கு இருக்கிறது, பின்னலுக்கு. வாழைத்தண்டு இருக்கிறது, அச்சுக்கு. கோலப்பிலா பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஸ்ரீ மெனாந்தி பழைய அரண்மனை கொஞ்ச தூரம்தான். ஆணியே அடிக்காமல் 1908-இல் கட்டி முடித்த மரக்கட்டடம். இவற்றைக் கண்டு பாடமாக்கத் தெரிந்தவர் வேண்டும். நான் பார்த்தும் பாடமாகத் தெரியாமல் போனவை இவற்றில் பல.

அப்படி ஒருவராக வர ஆசைப்படும் தோட்டத்துப் பெண்ணுக்கு இன்று வழி எப்படி இருக்கிறது? எஸ்.பி.எம்.மில் குறைந்தது ஐந்து பாடத்தில் சிறப்புத் தேர்ச்சி, பிறகு ஆசிரியர் கல்விக் கழகத்தில் ஆயத்தப் படிப்பு, அதன்பின் நான்காண்டுப் பட்டப் படிப்பு. நாட்டில் 27 வளாகங்கள். அதில் ராஜா மெலேவார் வளாகம் எங்கள் செரம்பானிலேயே இருக்கிறது. வழி தெளிவாகத்தான் தெரிகிறது. ஆனால் தமிழ்ப்பள்ளிப் பிரிவில் எந்தத் துறைக்கு எத்தனை இடம் என்பது சேர்க்கைக்குச் சேர்க்கை மாறுகிறது. அடுத்த ஆண்டு காட்சிக்கலைக்கு இடம் இருக்குமா என்று படிவம் நான்கில் இருக்கும் பிள்ளைக்கு யாராலும் சொல்ல முடியாது. இடைநிலைப்பள்ளியிலும் “கலை எடுத்து என்ன செய்யப்போகிறாய், கணக்கியல் எடு” என்ற அறிவுரை தவறாமல் கிடைக்கும். இடம் உறுதியில்லாதபோது அந்த அறிவுரையை மறுத்துப் பேச ஆசிரியர்களான எங்களிடமும் ஒன்றும் இல்லை.

பல்கலைக்கழக வழியும் உண்டு. தஞ்சோங் மாலிம் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் கலைக்கல்விப் பட்டம் இருக்கிறது. அங்கே படித்தவர்கள் பெரும்பாலும் இடைநிலைப்பள்ளிக்குப் போகிறார்கள். 1967-இல் கலைப்பள்ளி தொடங்கி நாட்டின் ஓவியர்கள் பலரை உருவாக்கிய மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் இளநிலைப் படிப்பு எங்கள் பிள்ளைகளுக்குத் திறந்ததில்லை. அது வேறு வழக்கு. இந்த மடலில் அதை இழுக்கவில்லை. ஆனால் ஒரு கதவு மூடியிருக்கும்போது மற்றக் கதவு ஆண்டுக்கு ஆண்டு ஆடிக்கொண்டிருக்கக் கூடாது என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு.

இந்த நாட்டின் நவீன ஓவியமே ஆசிரியர்களின் கையில் வளர்ந்ததுதான். 1951-இல் மலாயாவின் கலைக்கல்வி மேற்பார்வையாளராக வந்த பீட்டர் ஹாரிஸ், மறு ஆண்டே கோலாலம்பூரில் புதன்கிழமைதோறும் கூடும் ஓவியர் குழுவைத் தொடங்கினார். அதில் கிரேஸ் செல்வநாயகமும் இருந்தார். பாத்தேக் ஓவியரான அவர்தான் பின்னாளில் சொங்கேட் நெசவு பற்றி முக்கியமான நூல் ஒன்றை எழுதினார்; 1990-இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாக வந்தது. மலாய் நெசவுக் கலைக்கு ஒரு செல்வநாயகம் நூல் எழுதிய நாடு இது. 1960-இல் சிறப்பாசிரியர் பயிற்சிக் கழகம் தொடங்கியது. அந்தப் பத்தாண்டில் அதன் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் சையத் அகமட் ஜமால், நாட்டின் முதன்மை ஓவியர்களில் ஒருவர். ஏற்கெனவே பணியில் இருக்கும் ஆசிரியரைக் கூப்பிட்டுக் கலையில் சிறப்புப் பயிற்சி கொடுத்துத் திருப்பி அனுப்பும் ஏற்பாடு அங்கே இருந்தது. எங்களுக்கு இப்போது தேவைப்படுவதும் அதுதான்.

என் யோசனை இது. ஒரு சிறு பள்ளிக்குத் தனியாக ஓவிய ஆசிரியர் கேட்டால் உங்கள் அதிகாரிகள் சிரிப்பார்கள், சிரிப்பது நியாயமும்கூட. ஒரு வகுப்புக்கு வாரம் ஒரு மணி என்று வைத்தால் ஆறு வகுப்புக்கும் சேர்த்து ஆறு மணி நேரம்தான் வேலை. ஆகவே பணியிடத்தைப் பள்ளிக்கு ஒதுக்காதீர்கள், பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகளின் தொகுதிக்கு ஒதுக்குங்கள். இரண்டு பள்ளி, வகுப்புகளைச் சேர்த்து நடத்தும் இடமானால் மூன்று. பகாவைச் சுற்றி ஒரு தொகுதி, ரந்தாவ் பக்கம் ஒன்று, போர்ட்டிக்சனில் ஒன்று. முழு நேரப் பணி, முழுச் சம்பளம், பயணப் படி. முதல் சில ஆண்டுகளுக்கு, வரைவதில் நாட்டமுள்ள, இப்போது பணியில் இருக்கும் ஆசிரியர்களையே எடுத்து ராஜா மெலேவார் வளாகத்தில் பள்ளி விடுமுறைகளில் பயிற்சி கொடுக்கலாம். தமிழ்ப்பள்ளித் தற்காலிக ஆசிரியர்கள் பலர் அப்படி விடுமுறைப் பயிற்சியில்தான் தகுதி பெற்றார்கள். முறை உங்களுக்குப் புதிதல்ல. அதற்குள் பட்டப் படிப்பில் தமிழ்ப்பள்ளிக் காட்சிக்கலைக்கு நிலையான இடங்களை ஒதுக்கி, ஐந்தாண்டுக்கு முன்னதாகவே அறிவியுங்கள். பத்து வேண்டாம், எத்தனையானாலும் மாறாமல் இருந்தால் போதும்.

முழு நேரம் என்று அழுத்துவதற்குக் காரணம் உண்டு. தமிழ்நாட்டில் அரசின் ஓவியத் தேர்வுகளை எழுதி, தொழிலாசிரியர் சான்றிதழும் பெற்றால் ஓவிய ஆசிரியர் ஆகலாம் என்ற தெளிவான பாதை நெடுங்காலமாக இருக்கிறது. 2012-இல் அங்கே ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்கு 16,549 பேரைப் பகுதிநேர ஆசிரியர்களாக எடுத்தார்கள், மாதம் 5,000 ரூபாய்க்கு. நிரந்தரம் கேட்டு அவர்கள் போராட வேண்டியதாயிற்று. தூரிகை பிடிக்கிறவருக்குப் பாதிச் சம்பளம் போதும் என்ற எண்ணம் கடல் தாண்டி இங்கே வர வேண்டாம்.

கணித ஆசிரியருக்கும் தமிழாசிரியருக்குமே தட்டுப்பாடு, இதில் ஓவியமா என்று எங்கள் ஆட்களே கேட்பார்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் நானே கேட்டிருக்கிறேன் இந்தக் கேள்வியை, பிறர் வாயிலிருந்து. தொகுதிக்கு ஓர் ஓவிய ஆசிரியர் வந்தால் அந்தத் தொகுதியின் எல்லாப் பள்ளியிலும் கணித ஆசிரியர் கணிதத்துக்குத் திரும்புவார். ஒரு பள்ளிக்கு வாரம் ஆறு மணி நேரம் வரை மிச்சம். வாதத்துக்கு இது போதும் என்று நினைக்கிறேன்.

2027-இல் ஆண்டு 1-இல் தொடங்குவதாக அறிவித்த புதிய கலைத்திட்டத்துக்கான ஆசிரியர் கணக்கை உங்கள் அமைச்சு போட்டிருக்கும். அந்தக் கணக்கிலிருந்து இரண்டு எண்களை வெளியிடும்படி கேட்கிறேன். இந்த 61 பள்ளிகளில் காட்சிக்கலையைத் துறையாகப் படித்துவந்த ஆசிரியர்கள் எத்தனை பேர்? அவர்களில் எத்தனை பேர் இப்போது அந்தப் பாடத்தை நடத்துகிறார்கள்? இரண்டாவது எண் முதல் எண்ணைவிடச் சிறிதாக இருந்தால், வேலையை அங்கிருந்தே தொடங்கலாம். அதற்குப் புதிய இடமும் தேவையில்லை, பணமும் தேவையில்லை, ஓர் அட்டவணை மாற்றம் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர்,
பகாவ், நெகிரி செம்பிலான்