மாமையைத் தின்னும் மை

திரைப்பட இதழின் அட்டைக்கும் ஓர் ஆய்வா என்று சிலர் நகைக்கக்கூடும். உள்ளே இருப்பது வம்புக்கதை, மேலே இருப்பது வண்ணப்பூச்சு, அதனை ஏன் பொருட்படுத்த வேண்டும் என்பர். ஆனால், இதழை வாங்கிப் படிப்போரினும் அதன் அட்டையை மட்டும் பார்த்துச் செல்வோரே மிகப் பலர். எழுத்தறியாதவர் கண்ணிலும் அட்டை படுகின்றது. படிப்பவர்க்கு மட்டும் பாடஞ் சொல்வது நூல். பார்ப்பவர்க்கெல்லாம் பாடஞ் சொல்வது அட்டை.

முதலில் அதன் தொழில்திறனைக் காண்போம். பெட்டிக்கடை முகப்பில் கட்டிய கயிற்றில் இதழ்கள் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு தொங்கும். அவற்றின் மேற்பகுதியே கண்ணுக்குப் புலனாகும். அதனால் இதழின் பெயர் மேல்விளிம்பில் பருத்த எழுத்தில் அமைகின்றது. தொலைவில் வருவோனை நிறுத்துதற்குச் சிவப்பும் மஞ்சளும்; நின்றவனைப் பிணித்தற்கு அவனையே நோக்கும் இரு கண்கள். பிற எப்பொருளினும் முகத்தையே மாந்தர் கண் முந்தி நாடும். எனவே பின்புலத்தை ஒரே நிறமாக்கி, முகத்தைப் பெருக்கி, நடிகை நம்மோடு பேசவருவது போன்று அமைத்துவிடுகின்றனர். இதில் குற்றங்காண ஒன்றுமில்லை. நல்ல கருத்தைச் சோர்ந்த அட்டையில் பொதிந்து தருவோர் இத்திறனைக் கற்றுக்கொள்வதே நன்று.

குற்றம் வேறோர் இடத்தில் உள்ளது. பம்பாயில் 1935-இல் தோன்றிய 'பிலிம் இந்தியா', எசு. எம். பண்டிட்டு போன்ற ஓவியர் தீட்டிய அட்டைகளோடு வெளிவந்தது. தமிழில் 1940-களில் 'பேசும் படம்', 'குண்டூசி' முதலியனவும், 1966-இல் 'பொம்மை'யும் தோன்றின. தூரிகை போய் ஒளிப்படம் வந்தது. ஒற்றை மை போய் நான்கு மை வந்தது. எது வந்தபோதும், திரைப்பட அட்டைகளில் பெண்முகத்தை வெளுத்துக் காட்டும் வழக்கம் மட்டும் போகவில்லை.

அச்சின் இயல்பை அறிந்தார்க்கு இது விளங்கும். வெளிர்நீலம், செவ்வூதா, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளின் சிறு புள்ளிகளே வண்ணப்படமாகின்றன. மாநிறம் அமையவேண்டுமாயின் நான்கும் அளவறிந்து கூடவேண்டும். வெளிர்நீலத்தையும் கறுப்பையும் சற்றே குறைத்தால் போதும். தமிழ்ப்பெண் இளஞ்சிவப்புப் பாவையாகிவிடுவாள். அமெரிக்கக் கோடாக்கு நிறுவனம் 1950-களில் படம் அச்சிடும் கூடங்களுக்கு விடுத்த நிற அளவுப்படத்தில் இருந்தவளும் வெள்ளைக்காரப் பெண்ணே. அவள் தோல் செம்மையாக வந்தால் நிறம் செம்மை. கருந்தோலினர் முகம் இருளில் மறைந்தாலும் கேட்பாரில்லை. அளவுகோலே பிறனுடையதாயின் நம் முகம் எங்ஙனம் சரியாக அமையும்?

நம் முன்னோர் அளவுகோல் யாது? மாந்தளிர் போன்ற மாநிறத்தையே அவர்கள் 'மாமை' எனப் போற்றினர்; அதுவே தலைவியின் அழகு. தலைவன் பிரிய, மேனி வெளிறிப் பீர்க்கம்பூப்போல் மஞ்சள் பாய்வது 'பசலை', அது நோய். குறுந்தொகையின் 27-ஆம் பாட்டில் வெள்ளிவீதியாரின் தலைவி, தன் மாமை அழகைப் பசலை உண்பதைச் சொல்லிப் புலம்புகின்றாள். வெளிறுவதை இழப்பு எனக் கண்ட இனம் நம் இனம். இன்றோ அந்த வெளிறலை அழகு என அட்டை கற்பிக்கின்றது. நாமும் காசு கொடுத்துக் கற்கின்றோம்.

இப்பாடத்தின் விளைவை வீடுதோறும் காணலாம். 1975-இல் 'பேர் அண்டு லவ்லி' என்னும் களிம்பு கடைக்கு வந்தது; கறுத்த பெண்ணுக்கு வாழ்வில்லை என்னும் அச்சமே அதன் விளம்பரங்களுக்கு முதலாயிற்று. 2020-இல் அப்பெயரை மாற்றினர். ஆயின் மணமகள் தேவை விளம்பரத்தில் 'சிவந்த நிறம்' என்னும் சொல் மறைந்ததா? குழந்தை பிறந்ததும் 'நிறம் எப்படி?' என்னும் கேள்வி நின்றதா? அவ்விதழ்களுட் பல இன்று நின்றுவிட்டன. அவற்றின் வேலையைக் கைப்பேசி ஏற்றுக்கொண்டது. தம் முகத்தைத் தாமே வெளுத்துப் பார்த்து மகிழும் கருவி இன்று பள்ளிச் சிறுமியர் கையிலும் இருக்கின்றது.

அன்பர்களே! வண்ணத்தை வெறுக்கச் சொல்லவில்லை. பொய்யை வெறுக்கச் சொல்கின்றோம். இதழ் நடத்துவோர் முகத்தை உள்ளபடி அச்சிடுக. பெற்றோர் தம் மகளிடம் 'மாமை' என்னும் சொல்லையும் அதன் பொருளையும் இன்றே எடுத்துரைக்க. தன் நிறத்துக்கு அழகிய பெயருண்டு என அறிந்த பெண்ணை எந்த அட்டையும் ஏய்க்க முடியாது.