வைஸுக்கு ஒரு எண், கிளாம்புக்கு எத்தனை எண்?

மூணாறை அடுத்த மாட்டுப்பட்டி, 1963-இல் தொடங்கிய இந்தோ-சுவிஸ் கால்நடைத் திட்டத்தால் பேர் பெற்ற ஊர். அப்படிப்பட்ட இடத்தில் காளைக்கன்றுகளுக்குக் காயடிக்கக் கால்நடை மருத்துவர்கள் எடுக்கும் பர்டிசோ கிடுக்கியை முதல்முறை பார்ப்பவர் அதைப் பட்டறைச் சாமான் என்றே நினைப்பார். நீண்ட இரண்டு கைப்பிடி, தடித்த இரும்புத் தாடை. தோல் கிழியாமல் உள்ளே இருக்கும் விந்துக்குழாயையும் ரத்தக் குழாய்களையும் நசுக்கிவிடும். கையால் இயக்குவது, இறுக்கிப் பிடிப்பது. ஆனாலும் சுங்கப் பட்டியலில் அது வைஸோடு சேராது. மருத்துவக் கருவிகளுக்கான 9018 என்ற எண்ணுக்குப் போய்விடும்.

வைஸின் இடம் 820570. தேயிலை ஆலைப் பட்டறையில் மேசையோடு போல்ட் போட்டு முடுக்கியிருக்கும் பெஞ்ச் வைஸும், தச்சரின் சி கிளாம்பும் அங்கேதான். டிரில்லிங் மெஷினுக்கென்றே செய்த வைஸ் என்றால் 8466. மருந்தடிக்கும் ஹோஸை இறுக்கும் கிளாம்ப், இரும்பாக இருந்தால் 7326. முழுக்க மரத்தில் செய்த கிளாம்புக்கோ 4417!

1988-இல் நடைமுறைக்கு வந்த உலகப் பொதுக் குறியீட்டு முறை இது. முதல் ஆறு இலக்கம் எல்லா நாட்டுக்கும் ஒன்று. இந்தியா மேலும் இரண்டு சேர்த்துக்கொள்கிறது. பொருளின் பெயரைப் பார்க்காமல் அதன் வேலையையும் அது எதனால் ஆனது என்பதையும் கேட்கிறார்களே, அதில் தப்பில்லை. தப்பு வேறு இடத்தில் இருக்கிறது.

தோட்டத்து மண்வெட்டி 8201; அதற்கு ஜி.எஸ்.டி. கிடையாது. அந்த மண்வெட்டியைச் செப்பனிடப் பிடித்துக்கொள்ளும் வைஸுக்கு 18 சதவீதம். கவாத்துக் கத்தியாவது மண்வெட்டியோடு சேருமா என்றால், அதுவும் இல்லை: கத்தி என்பதால் 8211. எண் மாறினால் காசு மாறுகிறது. 2011 முதல் இறக்குமதியாளரே தம் சரக்கின் எண்ணையும் வரியையும் கணித்துச் சொல்ல வேண்டும். பிசகினால் வித்தியாச வரியோடு வட்டியும் சேரும், சமயத்தில் அபராதமும். பெரிய நிறுவனம் வக்கீலை வைத்துக்கொள்ளும். நாலு பெட்டி வைஸ் தருவிக்கும் இரும்புக்கடைக்காரர் முகவர் சொன்னதை நம்புவார். முன்கூட்டியே தீர்ப்புக் கேட்கலாம்தான், ஆனால் அதைத் தரும் ஆணையங்கள் இருப்பது டெல்லியிலும் மும்பையிலும்.

கொச்சி, தூத்துக்குடி சுங்க அலுவலகங்கள் மலையாளத்திலும் தமிழிலும் படம் போட்ட கையேடு ஒன்றை வெளியிடலாம். எல்லாச் சரக்கும் வேண்டாம். பட்டறை, தோட்டம், தொழுவம் இவற்றில் புழங்கும் கருவிகளில் தொடங்கட்டும். பெஞ்ச் வைஸையும் மெஷின் வைஸையும் பக்கத்துப் பக்கத்தில் படமாகப் போட்டு, கீழே எண்ணும் வரியும் எழுதினால் போதும்.