சைக்கிளில் போகிறவரை வண்டி இடித்தால்

பாம்பன் சாலைப் பாலத்தை ராஜீவ் காந்தி திறந்து வைத்தது 1988 அக்டோபர் 2-ம் தேதி. இன்று நாடு முழுக்க நடைமுறையில் இருக்கும் மோட்டார் வாகனச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தது அதே மாதம் 14-ம் தேதி. பன்னிரண்டு நாள்தான் வித்தியாசம். பாலத்தின் மேல் பஸ்ஸும் வேனும் லாரியும் தீவுக்குள் வந்து சேர்ந்தன. சட்டம் மட்டும் மண்டபத்தோடு நின்றுவிட்டதோ என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

அதற்கு முன்பு ரயிலை விட்டால் தீவுக்கு வேறு தரைவழி கிடையாது. ஊருக்குள் குதிரை வண்டி, சைக்கிள், நடை. சைக்கிள்காரர்கள் இருவர் மோதிக்கொண்டால் ஹேண்டில்பாரை நேராக்கிவிட்டு, நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போவோம். தபால் பையோடு வருஷக்கணக்கில் சைக்கிள் மிதித்தவன் நான். அந்தத் திட்டுகளை நிறையவே வாங்கியிருக்கிறேன். விபத்து என்றால் "பேசித் தீர்த்துக்கொள்வது" என்கிற பழக்கம் அந்தக் காலத்தில் வந்தது. அப்போது அது சரி. இப்போது தேசிய நெடுஞ்சாலையில் எண்பது, தொண்ணூறு கிலோமீட்டர் வேகத்தில் சுற்றுலா வேன் வருகிறது. 2017-ல் கலாம் நினைவிடமும் அரிச்சல்முனைச் சாலையும் திறந்த பிறகு, அமாவாசைக்கு மட்டும் என்றிருந்த கூட்டம் வருஷம் முழுக்க ஆகிவிட்டது. சைக்கிள் மிதிப்பவர்கள் யார்? பதினோராம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிளில் போகும் பிள்ளைகள், பெட்டி கட்டி மீன் விற்பவர், கூலி வேலைக்குப் போகிறவர், மொபெட் ஓட்டப் பயப்படும் என்னைப் போன்ற கிழவர்கள். இவர்களை இடித்தாலும் அதே பழைய பஞ்சாயத்துத்தான் நடக்கிறது.

எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் ஒருவரை அக்காள்மடம் பக்கத்தில் வெளிமாநில வேன் ஒன்று பின்னால் இருந்து தட்டியது. கூட்டம் கூடியது. கூட்டத்தில் ஒரு பெரியவர், "யாத்திரை வந்தவங்கப்பா, சாமி கும்பிட வந்த இடத்துல போலீசு கோர்ட்டுன்னு அலைய விடாதே, பாவம் சேரும்" என்றார். வேனில் இருந்தவர்கள் ஐயாயிரம் ரூபாய் கொடுத்தார்கள். ஒரு வெள்ளைத் தாளில், இனிமேல் எந்தக் கோரிக்கையும் இல்லை என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். வேன் போய்விட்டது. நான்காம் நாள் முழங்கால் வீங்கி, படம் எடுத்துப் பார்த்தால் எலும்பில் முறிவு. மதுரைக்குக் கொண்டுபோய் அறுவை சிகிச்சை செய்தார்கள். வீட்டம்மா நகை அடகுக் கடைக்குப் போனது. இப்போது கூடையைத் தலையில் வைத்து அந்த அம்மா நடந்து விற்கிறார். அவர் திண்ணையில் உட்கார்ந்து வலையில் கிழிசல் பார்க்கிறார்.

யாத்திரை வந்தவரை அலைய விடக் கூடாது என்ற எண்ணத்தை நான் குறைத்துப் பேசவில்லை. அது நம் ஊரின் குணம், நல்ல குணம். ஆனால் அந்தப் பெரியவருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. இழப்பீட்டை அந்த யாத்திரைக்காரர் தன் பையில் இருந்து கொடுக்க வேண்டியதில்லை. பொதுச் சாலைக்கு வரும் தனியார் மோட்டார் வாகனம் எதுவானாலும் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். அந்த மூன்றாம் நபர் யார்? சைக்கிளில் போகிறவர்தான், நடந்து போகிறவர்தான். வண்டிக்காரர் வருஷா வருஷம் பிரீமியம் கட்டியதே இவருக்காக. இவர் கேட்காமல் விட்டால் அந்தப் பணம் காப்பீட்டுக் கம்பெனியிடமே தங்கும். அதில் யாருக்கு என்ன புண்ணியம்?

"என்னிடம் லைசென்சு இல்லை, இன்சூரன்சு இல்லை, நான் எப்படிக் கேட்பது?" என்று என்னிடமே கேட்டவர்கள் உண்டு. சைக்கிள் மோட்டார் வாகனமே அல்ல. அதற்கு லைசென்சும் வேண்டாம், இன்சூரன்சும் வேண்டாம். அந்தப் பக்கத்து டிரைவருக்கு முறையான லைசென்ஸ் இல்லை என்றால்கூட, பாதிக்கப்பட்டவருக்குக் கம்பெனி முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று நீதிமன்றங்கள் உத்தரவு போடுகின்றன. உச்ச நீதிமன்றம் 2004-லேயே இதைப் பேசிவிட்டது.

எவ்வளவு கிடைக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, பிரிவு 164. யார் தவறு என்று நிரூபிக்கவே வேண்டாம். கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம், உயிர் போனால் ஐந்து லட்சம். எலும்பு முறிந்தாலே சட்டத்தில் அது கொடுங்காயம்தான். இன்னொன்று, பிரிவு 166. இதில் ஓட்டுநரின் கவனக்குறைவைக் காட்ட வேண்டும், ஆனால் தொகைக்கு உச்சவரம்பு இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வயது 45, மாத வருமானம் பத்தாயிரம், சொந்தத் தொழில். விபத்தால் உழைக்கும் திறனில் 30 சதவீதம் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்பதிலிருந்து ஐம்பது வயதுக்குள் இருக்கும் சொந்தத் தொழில்காரருக்கு எதிர்கால உயர்வு என்று 25 சதவீதம் சேர்ப்பார்கள். பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு ஆகிறது. வருஷத்துக்கு ஒன்றரை லட்சம். 45 வயதுக்கு 14 என்ற எண்ணால் பெருக்க வேண்டும், 21 லட்சம். அதில் 30 சதவீதம் 6 லட்சத்து 30 ஆயிரம். மருத்துவச் செலவு, வலிக்கான தொகை, வேலைக்குப் போகாத மாதங்களின் வருமானம் எல்லாம் இதற்கு மேல். இதை அந்த ஐயாயிரத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிரிவு 164-ன் தொகையைச் சமரசமாக வாங்கிக்கொண்டால் 166-ன் கீழ் போட்ட மனு காலாவதியாகிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். பெரிய காயம் என்றால் அவசரப்படக் கூடாது.

இங்கே திறன் என்பது டாக்டர் சொல்லும் சதவீதம் மட்டும் அல்ல. முழங்கால் மடங்காவிட்டால் கணக்கு எழுதுகிறவர் வேலையைத் தொடரலாம். சைக்கிளில் மீன் விற்கிறவர் முடியாது. பாதிக்கப்பட்டவரின் தொழிலை வைத்துத்தான் இழப்பை அளக்க வேண்டும் என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வருமானத்துக்கு ரசீது எங்கே என்ற கேள்விக்கும் பதில் உண்டு. கர்நாடகத்தில் கால் இழந்த ஒரு காய்கறி வியாபாரியின் வழக்கில், தெருவில் காய் விற்பவரிடம் ஆவணம் எதிர்பார்க்க முடியாது என்று சொல்லி, மாதம் 6,500 ரூபாய் என்று நீதிமன்றமே வைத்துக் கணக்கிட்டது. 2014 தீர்ப்பு அது. பள்ளிப் பிள்ளைக்கு வருமானமே இல்லையே என்பார்கள். படுத்த படுக்கையாகிவிட்ட 12 வயதுச் சிறுமி ஒருத்திக்கு 2020-ல் 62 லட்சத்துக்கு மேல் கொடுக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம்.

இதெல்லாம் கிடைக்க வேண்டுமானால், முதல் ஒரு மணி நேரத்தில் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. நம் ஆட்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது அங்கேதான். அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் "எப்படி அடிபட்டது?" என்று கேட்டு விபத்துப் பதிவேட்டில் எழுதுவார். போலீசுக்குப் பயந்து, "சைக்கிளிலிருந்து விழுந்துட்டேன்" என்று சொல்லிவிடுகிறார்கள். மூன்று மாதம் கழித்துத் தீர்ப்பாயத்தில் வேன் இடித்தது என்றால், கம்பெனி வக்கீல் முதலில் எடுத்து நீட்டுவது அந்தப் பதிவேட்டைத்தான். ஆகவே வேன் இடித்தது என்றால் வேன் இடித்தது என்றே சொல்லுங்கள். நம்பர் தெரிந்தால் நம்பரையும் சொல்லுங்கள். பேச முடியாத நிலையில் இருந்தால் கூடப் போகிறவர் சொல்லட்டும். கூடப் போனால் போலீஸ் தொந்தரவு வரும் என்ற பயமும் இனி வேண்டாம். உதவி செய்கிறவரைப் பாதுகாக்கத் தனிப் பிரிவே 2019-ல் சட்டத்தில் சேர்ந்துவிட்டது.

சிகிச்சைக்குக் கைக்காசு இல்லையே என்றுதான் பலர் அந்த ஐயாயிரத்துக்குத் தலையாட்டுகிறார்கள். 2021 டிசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசு ஏற்கிறது. மத்திய அரசின் 2025-ம் ஆண்டுத் திட்டத்தில் ஏழு நாள் வரை, ஒன்றரை லட்சம் வரை. கேட்டு வாங்க வேண்டும்.

புகார் கொடுத்தால் முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம், கையோடு வாங்கி வையுங்கள். நசுங்கிய சைக்கிளைப் பழைய இரும்புக்காரரிடம் போடாதீர்கள்; போட்டோ எடுங்கள். நாலு நாள் கழித்துத்தான் காயத்தின் கடுமை தெரிந்தது என்றாலும் புகார் கொடுக்கலாம். தாமதம் ஒன்றையே காரணமாக வைத்து இழப்பீட்டை மறுக்கக் கூடாது என்பது 2011-ம் வருஷத்துத் தீர்ப்பு ஒன்று. டிரைவர் மேல் நடக்கும் குற்ற வழக்கு வேறு, இழப்பீட்டு வழக்கு வேறு. அதில் அவர் விடுதலை ஆனாலும் இது அதோடு முடிந்துவிடாது.

"வண்டி ஆந்திராவாச்சே, அங்கே போய் யார் கேஸ் நடத்துறது?" இந்தக் கேள்வியை எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்! எங்கேயும் போக வேண்டாம். விபத்து நடந்த இடத்துக்கு உரிய தீர்ப்பாயத்திலோ, பாதிக்கப்பட்டவர் குடியிருக்கும் இடத்தின் தீர்ப்பாயத்திலோ மனுப் போடலாம். நமக்கு இரண்டுமே ராமநாதபுரம்தான். வர வேண்டியவர்கள் அவர்கள்.

என் ஆதங்கம் ஆறு மாதக் கெடுவைப் பற்றியது. 2019 திருத்தத்தில் நுழைத்து, 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பல வருஷங்கள் இப்படி ஒரு கெடுவே இல்லை. காலில் கம்பி வைத்துப் படுத்திருக்கிறவனுக்கு ஆறு மாதம் என்பது கட்டு மாற்றுவதற்கே போதாது. இதை எதிர்த்த வழக்குகளில், கெடு தாண்டியது என்பதற்காக மனுக்களைத் தள்ள வேண்டாம் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. நல்லது. ஆனால் இடைக்கால உத்தரவை நம்பி யாரும் உட்கார்ந்திருக்க வேண்டாம். போலீஸ் அனுப்பும் விபத்து அறிக்கையையே மனுவாக எடுத்துக்கொள்ளலாம் என்றும் சட்டத்தில் இருக்கிறது. அதையும் நம்பி உட்கார வேண்டாம் என்பேன்.

சரி, இடித்தவன் நிற்காமல் போய்விட்டால்? உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவில் விடியற்காலை இருட்டில் இதுதான் அதிகம். அதற்கும் பிரிவு 161 இருக்கிறது. கொடுங்காயத்துக்கு 50,000, உயிர் போனால் 2 லட்சம். முன்பு வெறும் 12,500-ம் 25,000-மாக இருந்தது. இதற்குக் கோர்ட்டே வேண்டாம். வருவாய்த் துறை அதிகாரியிடம் விண்ணப்பம், கலெக்டர் உத்தரவு. தொகை குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன். அதையும் கேட்க ஆளில்லை. சாலைப் பாதுகாப்புக்காக உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டவர் நம் கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் ராஜசேகரன். அந்த வழக்கில் 2024 ஜனவரியில் வந்த உத்தரவில் ஒரு கணக்கு இருக்கிறது. 2022-ல் நாட்டில் இடித்துவிட்டு ஓடிய விபத்துகள் 67,387. 2022-23-ல் வந்த விண்ணப்பங்கள் 205. படித்துவிட்டு நான் மறுபடியும் பார்த்தேன், சைபர் ஏதாவது விட்டுப்போயிற்றோ என்று. ஒரு மாதத்துக்குள் வண்டி பிடிபடவில்லை என்றால், இப்படி ஒரு உதவி உண்டு என்று பாதிக்கப்பட்டவருக்குப் போலீசே எழுதித் தெரிவிக்க வேண்டும் என்று அந்த உத்தரவு சொல்கிறது. பாம்பன், தங்கச்சிமடம் ஸ்டேஷன் வாசலில் இதைத் தமிழில் ஒரு பலகையாக எழுதி வைத்தால் என்ன? பெயின்ட் செலவுக்கு நான் தருகிறேன்.

சைக்கிள்காரர் பக்கமும் ஒரு வார்த்தை. இரவில் பின்னால் சிவப்பு ஒட்டியாவது இருக்கட்டும். திடீரென்று குறுக்கே திரும்பினார், வெளிச்சம் இல்லை என்றெல்லாம் கம்பெனி வாதாடும். தீர்ப்பாயம் ஒப்புக்கொண்டால் அந்த அளவுக்குத் தொகையைக் குறைக்கும். முழுதாகத் தள்ளிவிடாது, குறைக்கும்.

அரசு பஸ் இடித்தால் கதை கொஞ்சம் வேறு. அங்கே காப்பீட்டுக் கம்பெனி இருக்காது, போக்குவரத்துக் கழகமே கொடுக்க வேண்டும். கொடுக்கத் தாமதமாகி, பஸ்ஸை ஜப்தி செய்து கோர்ட் வளாகத்தில் நிறுத்திய செய்தியைப் பேப்பரில் எத்தனை தடவை படித்திருக்கிறோம். வட்டியோடு வரும், ஆனால் பொறுமை வேண்டும்.

வக்கீல் விஷயத்தில் கவனம். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கே வந்து, "வர்ற பணத்துல இவ்வளவு பர்சென்ட்" என்று பேசும் தரகரிடம் வெற்று வக்காலத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். அப்படிப் பங்கு பேசுவது வழக்கறிஞர்களின் நடத்தை விதிகளுக்கே விரோதம். பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்கள், மாற்றுத்திறனாளிகள், வருமானம் குறைந்தவர்கள் ஆகியோருக்கு இலவச வக்கீல் உண்டு. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகும்.

லோக் அதாலத்தில் முடிப்பது வேகம், தப்பில்லை. ஆனால் அங்கே கையெழுத்துப் போட்டால் அப்பீல் கிடையாது. தீர்ப்பாயத்தின் தீர்ப்பு என்றால் தொண்ணூறு நாளுக்குள் மதுரை உயர் நீதிமன்றக் கிளைக்குப் போகலாம். ஆகவே அதாலத்துக்குப் போகும் முன்பு, நான் மேலே போட்ட பெருக்கல் கணக்கை வீட்டில் யாராவது பள்ளிக்கூடப் பிள்ளையை விட்டு ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டுப் போங்கள். 46-லிருந்து 50 வயதுக்கு 13, 51-லிருந்து 55-க்கு 11, 56-லிருந்து 60-க்கு 9, 61-லிருந்து 65-க்கு 7. அதற்கு மேல் என் வயதுக்காரர்களுக்கு 5.