வாசல் திண்ணைக்குப் பளபளப்பு எதற்கு?

தொழில் ஒரு நிலைக்கு வந்து, பிள்ளைகளின் படிப்பும் கல்யாணமும் முடிந்ததும் நம்மவர்கள் அடுத்துக் கை வைப்பது வீட்டு முகப்பில்தான். பழைய சிமெண்டுத் திண்ணையையும் படியையும் இடித்துவிட்டுக் கல் போட வேண்டும் என்பது அநேகருடைய ஆசை. ஆசையில் குற்றமில்லை. இயற்கைக் கல்லைப் போல உழைக்கும் பொருள் அபூர்வம். ஆனால் நம் வட்டாரத்தில் புதிதாகப் போடப்படும் வாசல்களைப் பார்க்கும்போது, சரக்கு எடுப்பதில் நமக்குள்ள சாமர்த்தியம் கல் எடுக்கும்போது எங்கே போய்விடுகிறது என்று கேட்கத் தோன்றுகிறது.

துவரம் பருப்பு மூட்டையைப் பிரித்ததும் அதன் மினுமினுப்பைப் பார்த்து நாம் விலை பேசுவதில்லை. எண்ணெய் தடவி மெருகேற்றியதா, இல்லையா என்று ஒரு பிடி அள்ளித் தேய்த்துப் பார்த்தே சொல்லிவிடுவோம். அதே நாம் கல் கடைக்குப் போனால், சாத்தி வைத்திருக்கும் பலகையில் முகம் தெரிகிறதா என்று பார்த்து அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வருகிறோம். முகம் தெரியும் கல் சமையல் மேடைக்கு ஏற்றது. மழைச் சாரல் அடிக்கும் வாசலுக்கு அது ஆகாது.

நமக்குத் தெரிந்த அரிசி வியாபாரி ஒருவர் வீட்டில் நடந்தது இது. ஐப்பசி மழையில் பால் வாங்க வந்த அவருடைய தாயார் புதுப் படியில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிவு. ஆபரேஷன், ஆஸ்பத்திரி வாசம், பிறகு பல மாதம் படுக்கை. வாசலுக்குச் செலவழித்ததைவிட ஆஸ்பத்திரிக்குச் செலவழித்தது அதிகம். இப்போது அந்தப் படிகளின்மேல் ரப்பர் மேட் விரித்திருக்கிறார்கள். கல்லின் அழகெல்லாம் மேட்டுக்குக் கீழே போய்விட்டது.

அதே கிரானைட்டில் பாலிஷ் போடாததும் கிடைக்கிறது. தீச்சுவாலையைக் காட்டி மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கியதைக் கடைக்காரர்கள் ‘ஃபிளேம்டு’ என்பார்கள். உளியால் கொத்திய கருங்கல்லும் உண்டு. தேய்ந்துபோன அம்மியை எதற்காகக் கொத்துகிறோம்? வழவழப்பான அம்மியில் மிளகாய் நிற்காது. வழவழப்பான படியில் காலும் அப்படித்தான். சொரசொரப்பான கல்லில் அழுக்குப் பிடிக்கும் என்று வீட்டில் சொல்வார்கள். உண்மைதான், வாரம் ஒருமுறை துடைப்பத்தால் தேய்த்துக் கழுவிவிட வேண்டும்.

விலை குறைவு என்று கடப்பா, ஷாபாத், கோட்டா கற்களைப் பார்ப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். மூன்றும் சுண்ணாம்புக்கல் இனம். புளிப்பு பட்டால் அரிக்கும். நம் வீடுகளில் அமாவாசைக்கு அமாவாசை திருஷ்டி கழித்து வாசலில் எலுமிச்சம்பழம் நசுக்குகிறோம். அந்தச் சாறு காய்ந்த இடத்தில் கடப்பா கல் வெளுத்துவிடும். எத்தனை தேய்த்தாலும் போகாது. ஆசிட் ஊற்றிக் கழுவினால் கேட்கவே வேண்டாம். தவிர, வெயில் நேராக விழும் வாசலில் கறுப்புக் கல் போட்டால் பகல் பன்னிரண்டு மணிக்கு வெறுங்காலோடு நிற்க முடியாது. நிழல் விழும் திண்ணைக்கு அது நல்ல கல்தான்.

கல்லைவிட முக்கியம் அதற்கு அடியில் இருப்பது. இங்கேதான் பணம் வீணாகிறது. இடித்த கட்டடக் குப்பையையே உள்ளே தள்ளி, மேலே மண்ணைப் பரப்பி, மறுநாளே கல் பதித்துவிடுகிறார்கள். ஓர் அங்குலக் கனமுள்ள கருங்கல் சதுர அடிக்கு ஆறு கிலோவுக்கு மேல் வரும். அடியில் ஒன்றரை அங்குலக் கலவை அதற்குக் குறையாது. 100 சதுர அடி வாசல் என்றால் மொத்தம் சுமார் 1,300 கிலோ. நம் கணக்கில் 50 கிலோ மூட்டை 26. மண் தானாகவே அமுங்கும், மேலே இந்தப் பாரமும் சேரும். இரண்டு மழைக்காலம் தாண்டுவதற்குள் கல் ஒரு பக்கம் இறங்கி வெடித்துவிடும். கிராவலை அரையடி அரையடியாகக் கொட்டி, தண்ணீர் விட்டு, திமிசுக்கட்டையால் இடிக்கச் சொல்லுங்கள். அதன்மேல் 1:4:8 கலவையில் நாலு அங்குலக் கான்கிரீட். இது கண்ணுக்குத் தெரியாத செலவு என்பதால் யாரும் செய்ய விரும்புவதில்லை.

சதுர அடி காண்ட்ராக்டுக்கு விட்டால் கொத்தனார் வேகமாகத்தான் போவார். நாலு மூலையில் கலவை வைத்து நடுவில் வெற்றிடமாக விடுவதும் உண்டு. கலவை இறுகியபின் கல்லைச் சுத்தியலின் பிடியால் தட்டிப் பாருங்கள். பானையைத் தட்டிப் பார்ப்பது போலத்தான். பொள்ளென்று கேட்டால் எடுத்துத் திரும்பப் போடச் சொல்லத் தயங்காதீர்கள். எட்டடிக்கு ஓர் அங்குலமாவது தெருப்பக்கம் வாட்டம் இருக்க வேண்டும். படிகளில் எல்லாம் ஒரே உயரம் இருக்க வேண்டும். ஆறு அங்குலப் படிகளுக்கு நடுவே ஒன்று மட்டும் எட்டு அங்குலமாக இருந்தால் இருட்டில் எல்லோரையும் தடுக்கிவிடும்.

படி நம் மனைக்குள்ளேயே முடியட்டும். சாக்கடைமேல் இரண்டு படி நீட்டி அதில் விலையுயர்ந்த கல் போட்டவர்கள், நகராட்சி இயந்திரம் வரும்போது சங்கத்துக்குப் போன் செய்கிறார்கள். தெருவுக்காகச் சங்கம் வாதாட முடியாது.

இன்னொரு சங்கதி, கொஞ்சம் கசக்கும். “பில் போடாமல் என்ன விலை?” என்று நம் கடையில் யாராவது கேட்டால் நமக்கு எரிச்சல் வருகிறது. கல் கடையில் நாமே அதைக் கேட்கிறோம். கிரானைட் பலகைக்கு 2017 நவம்பர் முதல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம். சிமெண்டுக்கு 28 ஆக இருந்தது 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகியிருக்கிறது. பில் இல்லாமல் வாங்கிய கல்லில் பத்துப் பலகை வேறு நிறமாக வந்தால் எதைக் காட்டித் திருப்புவது? வீட்டு வாசலுக்கு வாங்கிய கல்லைக் கடைக் கணக்கில் ஏற்றி இன்புட் கிரெடிட் எடுக்கவும் கூடாது.

திண்ணை கட்டுபவர்கள் உட்காரும் உயரமாக, தரையிலிருந்து ஒன்றரை அடிக்குக் கட்டுங்கள். அகலம் இரண்டடிக்குக் குறைய வேண்டாம். செட்டிநாட்டு வீடுகளில் வெளித் திண்ணையில் அமர்ந்தே கணக்குப் பார்த்தார்கள். இப்போது திண்ணை கட்டிய கையோடு கிரில் போட்டுப் பூட்டிவிடுகிறோம். பாதுகாப்பு வேண்டியதுதான். கிரில்லுக்கு வெளியே ஓர் ஆள் உட்காரும் அளவு கல்லையாவது விட்டுவையுங்கள். தண்ணீர் கேன் தூக்கி வரும் பையன் மூச்சு வாங்க உட்கார இன்றைக்குத் தெருவில் இடமே இல்லை.