பக்கம் முழுவதையும் பத்திரப்படுத்துங்கள்



திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலை தேடிப் பெங்களூருக்கு வந்த வாலிபத் தம்பி ஒருவர், சில மாதங்களுக்கு முன் கலங்கிய முகத்துடன் என்னிடம் வந்தார். இணையத்தில் வேலை விளம்பரம் ஒன்றைக் கண்டு, பயிற்சிக் கட்டணம் என்று பணம் செலுத்தியிருந்தார். வேலை கிடைக்காவிட்டால் பணம் திருப்பித் தரப்படும் என்று அப்பக்கத்தின் அடியில் எழுதியிருந்ததாம். வேலையும் வரவில்லை, பணமும் வரவில்லை. சில நாட்களில் அந்தப் பக்கமே மறைந்துபோயிற்று. அவர் எடுத்துவைத்திருந்த படத்தில் மேற்பகுதி மாத்திரமே இருந்தது; வாக்குறுதி இருந்த அடிப்பகுதி இல்லை.

நம்மில் அநேகர் இப்படித்தான் செய்கிறோம். விசைப்பலகையிலுள்ள 'பிரிண்ட் ஸ்கிரீன்' விசை, திரையில் அந்நேரம் தெரிவதை மட்டுமே படமாக்கும். பக்கம் முழுவதையும் எடுக்க வேறு வழிகள் உண்டு.

ஃபயர்ஃபாக்ஸில், பக்கத்தின் வெற்றிடத்தில் சுட்டியின் வலப் பொத்தானை அழுத்தி, 'டேக் ஸ்கிரீன்ஷாட்' என்பதையும், பின்பு 'சேவ் ஃபுல் பேஜ்' என்பதையும் தெரிந்தெடுங்கள். விண்டோஸ் கணினியிலுள்ள எட்ஜில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தி, முழுப் பக்கத்திற்கான தெரிவை எடுங்கள். குரோமில், முதலில் கண்ட்ரோல், ஷிஃப்ட், ஐ. அடுத்து கண்ட்ரோல், ஷிஃப்ட், பி. திறக்கும் கட்டத்தில் 'ஸ்கிரீன்ஷாட்' என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தால், 'கேப்சர் ஃபுல் சைஸ் ஸ்கிரீன்ஷாட்' என்னும் தெரிவு தோன்றும்.

படம் எடுப்பதற்கு முன் பக்கத்தின் அடிவரை ஒருமுறை நகர்த்திப் பாருங்கள். சில பக்கங்களில் படங்கள் நாம் கீழே செல்லும்போதுதான் தோன்றும்.

இன்னொரு காரியத்தையும் மறவாதிருங்கள். இவ்விதம் எடுக்கும் முழுப்படத்தில், மேலேயுள்ள இணைய முகவரி இடம்பெறாது. ஆகவே 'பிரிண்ட்' கட்டளையின் மூலம் அதே பக்கத்தைப் பி.டி.எஃப். கோப்பாகவும் சேமியுங்கள். அதில் 'ஹெடர்ஸ் அண்ட் ஃபுட்டர்ஸ்' என்பதைக் குறியிட்டால், முகவரியும் தேதியும் தாளிலேயே பதிவாகும். அந்த மூலக் கோப்பை வெட்டவோ திருத்தவோ வேண்டாம். பிறருக்கு அனுப்ப வேண்டுமானால் பிரதி எடுத்து, அதில் ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றை மறைத்து அனுப்புங்கள்.

இந்தப் படம் மாத்திரம் நீதிமன்றத்திற்குப் போதுமா? போதாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவின்படி, கணினிப் பதிவின் பிரதியைச் சான்றாக அளிக்கும்போது அதற்குரிய சான்றிதழும் இணைக்கப்பட வேண்டும். ஆனாலும், புகாரைத் தொடங்குவதற்கு முழுமையான பதிவு பெரிய உதவியாகும். சைபர் குற்றங்களுக்கென்று 2001ஆம் ஆண்டிலேயே காவல் நிலையம் கண்ட நகரம் நம் பெங்களூர். இணையத்தில் பணத்தை இழந்தால், தாமதமின்றி 1930 என்னும் எண்ணை அழையுங்கள்.

வாடகை வீட்டுக்கு முன்பணம் கொடுக்குமுன், பள்ளிக் கட்டணம் கட்டுமுன், வேலைக்கு விண்ணப்பிக்குமுன், அந்தப் பக்கத்தை முழுவதுமாய்ச் சேமித்துவையுங்கள். உங்கள் பிள்ளைகளுக்கும் இதைக் கற்றுக்கொடுங்கள். அந்தத் தம்பி இப்பொழுது அப்படித்தான் செய்கிறார். அதோடு, அடிப்பகுதி வரை வாசிக்காமல் எவருக்கும் பணம் அனுப்புவதில்லை என்றும் தீர்மானித்திருக்கிறார்.