எங்கே கற்பது? எவரிடங் கற்பது?

நம் கல்லூரியில் என்னிடந் தமிழ் கற்றுப் பின்னர் வைத்தியராகிய மாணாக்கர் ஒருவர் சென்ற விடுமுறையில் என் இல்லம் வந்தார். பிறநாட்டில் வைத்திய ஆராய்ச்சி பயிலப் புறப்படும் அவருக்கு இரண்டு ஆய்வுகூடங்கள் இடந்தர முன்வந்திருந்தன. ஒன்று உலகறிந்த பெயருடையது, மற்றையது சிறியது. "சேர், எதைத் தெரிவது?" என்றார். பயிற்சிப் பத்திரம் பெற்ற தமிழாசிரியனுக்கு ஆய்வுகூடத்தைப் பற்றி என்ன தெரியும் என நகைப்போர் உளர். ஆயினும், நல்லாசிரியன் இலக்கணங் கூறும் நன்னூல் எங்கள் கையிலன்றோ இருக்கின்றது!

அவருக்கு யான் சுப்பாராவ் அவர்களின் வரலாற்றை எடுத்துரைத்தேன். 1895இல் ஆந்திர தேசத்திற் பிறந்து, சென்னையில் வைத்தியங் கற்று, பின்னர் அமெரிக்கா சென்றவர் அவர். வைத்தியராயிருந்தும் ஆங்கு மருத்துவமனையில் எளிய ஊழியஞ் செய்து வயிறு வளர்த்தார். ஹாவார்டு சர்வகலாசாலையிற் பிஸ்க் என்னும் ஆசிரியரின் ஆய்வுகூடத்தை அடைந்தார். உடலிலுள்ள பொசுபரசை அளக்கும் முறையொன்றை இருவரும் 1925இல் வெளியிட்டனர். மாணாக்கர் பெயரும் ஆசிரியர் பெயரும் இணைந்தே அம்முறை இன்றும் வழங்குகின்றது. தசைகளின் ஆற்றலை விளக்கும் அரிய கண்டுபிடிப்புகள் 1927இலும் 1929இலும் அதனைத் தொடர்ந்தன.

ஆனால், அதே இடத்தில் அவருக்கு நிலையான பதவி கிட்டவில்லை. அவர்தம் ஆய்வுகள் சில ஆசிரியரின் பொறாமையால் வெளிவராது போயின என, ஆங்கு உடன் பணியாற்றியவரும் 1988இல் நோபெல் பரிசு பெற்றவருமாகிய ஹிச்சிங்ஸ் பிற்காலத்திற் கூறினார். 1940இற் சுப்பாராவ் லெடர்லே என்னும் மருந்துக் கம்பனிக்குச் சென்றார். சர்வகலாசாலையின் பெருமை அதற்கில்லை. ஆயினும் வேண்டிய துணைவரும் கருவியும் ஆங்கிருந்தன. 1948இல் அவர் மறைவதற்குள், போலிக் அமிலத்தின் ஆக்கமும், குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயைத் தணித்த மருந்தும், யானைக்கால் நோய்க்கான டைஎதில்கார்பமசீனும் அக்குழுவினின்று தோன்றின. நம் தீவின் மேற்குத் தெற்குக் கரையோரங்களை வருத்திய அந்நோய் இலங்கையிற் பொதுச்சுகாதாரப் பிரச்சினையாக இல்லாதொழிந்ததென உலக சுகாதார நிறுவனம் 2016இல் உறுதிப்படுத்தியது. அவ்வெற்றிக்குத் துணைநின்ற மருந்துகளுள் அதுவும் ஒன்று.

இதனாற் பெறப்படுவது யாது? நன்னூலார் ஆசிரியனுக்கு நிலத்தையும் மலையையும் துலாக்கோலையும் மலரையும் உவமை கூறினார். வாயிலிற் பொறித்த பெயரைக் கண்டு மலையை அறியலாம். துலாக்கோலை அவ்வாறு அறிதல் இயலாது. உள்ளே நின்று நிறுக்கப்பட்டவரிடமே கேட்டறிதல் வேண்டும். ஆகையால், அவ்வாய்வுகூடத்தை விட்டு நீங்கியோர்க்கு எழுதுக. ஆசிரியர் வாரத்தில் எத்தனை முறை உடனிருந்து கற்பித்தார்? உழைத்தவன் பெயர் கட்டுரையில் எவ்விடத்தில் நின்றது? நீங்கியோர் இன்று எந்நிலையில் உளர்? பொருளுதவி எத்தனை ஆண்டுக்கு உண்டு? இறுதி வினா சிறிய கூடத்துக்கு மிக இன்றியமையாதது, சிறுமையே சிறப்பாகிவிடாது. நோயாளரைப் பார்க்குங் கடமையும் உடைய இளம் வைத்தியருக்கு ஆய்வுக்குரிய நேரம் குறுகியது. அக்குறுகிய நேரத்தைக் காப்பவரே அவருக்கு ஏற்ற ஆசிரியர்.

என் மாணாக்கர் இரண்டிடத்துக்கும் எழுதினார். பெரிய கூடத்தினின்று நீங்கியோர் ஆசிரியரைக் கண்ட நாள்களை விரல்விட்டு எண்ணினர். சிறியதற்கு நான்காண்டுப் பொருளுதவியும் இருந்தது. அதனையே அவர் தெரிந்தார். ஊரார் சிலர் பெரும்பெயரைக் கைவிட்டானே என்று வருந்துகின்றனர். பிள்ளைகள் நுழையும் வாயிலைப் புகழ்ந்து பழகிய நாம், அவ்வாயிலால் எவ்வாறு வெளிவருகின்றனர் என்பதையும் பார்க்கக் கற்றல் வேண்டும். இஃது ஆய்வுகூடத்துக்கு மட்டுமன்று, நம் கல்லூரிக்கும் பொருந்தும்.