பருப்பு அட்டை எங்கே?

தறிக்குழியில் காலைவிட்டு உட்கார்ந்தால் கண் பாவின் மேலேயேதான் இருக்கும். கீழே எது மிதி, எது வெறும் தரை என்பதைக் கால்தான் சொல்ல வேண்டும். போன பங்குனியில் ஒருநாள் என் வலது கால் அதைச் சொல்லவில்லை. மிதித்தேனா இல்லையா என்று குனிந்து பார்த்தேன். ஆரணியில் இருபத்தாறு வருடமாகப் பட்டு நெய்கிறேன்; காலைப் பார்த்து மிதித்தது அன்றுதான்.

மறுநாள் சர்க்கரை பார்க்க ரத்தம் கொடுத்தேன். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 291. மூன்று மாதச் சராசரி 9.4. வீட்டில் யாரும் நம்பவில்லை. எனக்கு இனிப்பே பிடிக்காது. டீயில் சர்க்கரையை விட்டே எட்டு வருடம் ஆகிறது. ஆனால் நர்ஸம்மா டீயைப் பற்றிக் கேட்கவே இல்லை. "ஒரு நாளைக்கு சோறு எவ்ளோம்மா சாப்பிடுவீங்க?" என்றுதான் கேட்டார்.

எனக்குத் தெரிந்த ஆழாக்குக் கணக்கில் சொன்னேன். காலையில் ஐந்து இட்லி. மதியம் ஒன்றரை ஆழாக்கு அரிசிச் சோறும் குழம்பும், தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு. ராத்திரி இன்னொரு ஆழாக்குச் சோறும் ரசமும். அவர் கூட்டிப் பார்த்து, மாவுச்சத்து மட்டும் ஏறக்குறைய 350 கிராம் என்றார். வயிற்றுக்குள் போனால் அத்தனையும் குளுக்கோஸ்தான். நாக்கு இனிப்பாக உணரவில்லை என்பதற்காக ரத்தம் அதைக் கணக்கில் எடுக்காமல் விடுவதில்லை.

எங்கள் ஊருக்குப் பட்டும் அரிசியும்தான் பேர். இரண்டிலும் பளபளப்புக்குத்தான் விலை. கச்சாப் பட்டைக் காய்ச்சிப் பசையெடுத்தால் கிலோவில் ஏறக்குறைய கால் கிலோ போய்விடும், மிச்சம் மின்னும். அரிசி மில்லில் தவிட்டை நீக்கினால் அரிசியும் அப்படித்தான் மின்னும். பட்டுக்கு அது சரி. அரிசியில் உமியை மட்டும் நீக்கித் தவிட்டை விட்டிருந்தால் நார்ச்சத்தும் வைட்டமினும் நமக்கு மிஞ்சியிருக்கும்.

ரேஷன் பையைப் பார்த்தால் இந்தச் சோற்றுக் கணக்கு என் வீட்டுப் பிரச்சினை மட்டும் இல்லை என்பது தெரியும். நாங்கள் நாலு பேர். மாதம் 20 கிலோ அரிசி இலவசம். துவரம் பருப்பு ஒரே கிலோ, 30 ரூபாய். வகுத்துப் பார்த்தேன். தலைக்கு ஒரு நாளைக்கு அரிசி 166 கிராம். பருப்பு 8 கிராம். எட்டுக் கிராம் பருப்பில் புரதம் இரண்டு கிராம்கூடத் தேறாது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் நாடு முழுக்க நடத்திய ஆய்வைப் பற்றி 2025-ல் பேப்பரில் வந்ததை வெட்டி வைத்திருக்கிறேன். நம் ஆட்கள் சாப்பிடுவதில் கலோரிக் கணக்கில் 62 சதவீதம் மாவுச்சத்தாம். அதில் கொஞ்சத்தைக் குறைத்து, அந்த இடத்தில் பருப்பு, பால் போன்றவற்றின் புரதம் வந்தால் சர்க்கரை நோய்க்கான வாய்ப்பு குறைகிறதாம். மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் அரிசியிலிருந்து கோதுமைக்கோ சிறுதானிய மாவுக்கோ மாறினால் மட்டும் அந்தப் பலன் தெரியவில்லையாம். எங்கள் தெருவில் சோற்றை விட்டுவிட்டு ராத்திரி ஐந்து சப்பாத்தி தின்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நாட்டுச் சர்க்கரைக்கு மாறிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கும் இதேதான்.

நான் செய்தது பெரிய வைத்தியமில்லை. தட்டில் முதலில் சுண்டலோ முட்டையோ கீரையோ. அப்புறம்தான் சோறு, அதுவும் அரை ஆழாக்கு. சாயங்காலம் பிஸ்கட்டுக்குப் பதில் அவித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, ஒரு பிடி. சாப்பிட்டவுடன் குழியில் இறங்காமல் தெருக்கோடி வரை ஒரு நடை. "சோறு துன்னாம எப்டிம்மா தறியில குந்துவே?" என்று மாமியார் ஒரு மாதம் புலம்பினார். பசியில் வளர்ந்தவர் அவர். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. மாத்திரையையும் நான் விடவில்லை. மாத்திரையோ ஊசியோ போடுகிறவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் சோற்றை ஒரேயடியாகக் குறைத்தால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரலாம். ஆறு மாதத்தில் என் சராசரி 7.3-க்கு வந்தது.

அரிசியை நிறுத்தச் சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நெசவாளர்களுக்குக் கஞ்சித்தொட்டி வைக்க வேண்டிவந்த மாநிலம் இது. 2011 ஜூன் முதல் கிடைக்கும் இலவச அரிசி எத்தனை தறி வீடுகளைக் காப்பாற்றியது என்பதைக் கண்ணால் பார்த்தவள் நான். தேவைப்படுகிறவர்களுக்கு ஒரு கிலோகூடக் குறையக் கூடாது.

ஆனால் இதே தமிழ்நாட்டில் அரிசி வேண்டாம் என்கிறவர்களுக்குச் சர்க்கரை அட்டை என்று ஒன்று இருக்கிறது. அரிசிக்குப் பதிலாக மூன்று கிலோ சர்க்கரை கூடுதலாக வாங்கலாம். 2023-ல் நீலகிரியிலும் தருமபுரியிலும் இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்க ஆரம்பித்தார்கள். ஆக, ஒன்றுக்குப் பதில் இன்னொன்று கொடுப்பது இந்த அரசுக்குத் தெரியாத வேலை இல்லை. அரிசிக்குப் பதில் சர்க்கரை கொடுக்க முடிந்தால், பருப்பு கொடுக்க ஏன் முடியாது? பருப்புக்கு விலை அதிகம்தான், அதனால் கிலோவுக்குக் கிலோ கேட்கவில்லை.

இப்போது எங்கள் வீட்டில் மாதம் பன்னிரண்டு கிலோ அரிசிதான் செலவாகிறது. மீதி எட்டுக் கிலோவை வேண்டாம் என்று கடையிலேயே விட்டுவிடுகிறேன். அதற்கு ஈடாக எதுவும் கிடையாது. பருப்பை வெளிக்கடையில் நூறு ரூபாய்க்கு மேல் கொடுத்து, சேலைக் கூலியிலிருந்து வாங்குகிறேன். அந்த எட்டுக் கிலோவுக்கு இரண்டு கிலோ பருப்பு கொடுங்கள். என் கால் இன்னும் முழுதாக உணர்வுக்கு வரவில்லை; மிதியில் கயிறு சுற்றி வைத்துக்கொண்டுதான் நெய்கிறேன். பக்கத்துத் தறியில் என் மகள் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு இருபத்திரண்டு வயது.